சாக்ரெட் துரை குடும்பத்தார்

குற்றாலத்துக்கு வந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தலையில் படாமல் ஊர் திரும்பிய மனிதர்கள் உலகத்தில் எங்காவது இருந்தால், அவர்கள் கட்டாயம் எங்கள் சாக்ரெட் அண்ணாச்சியின் வேனில் ஏறியவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஐந்தருவிக்கு என்று சொல்லி ஏறுவார்கள். கல்லறைத் தோட்டத்தில் இறங்குவார்கள்.

நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மேனேஜர். அண்ணாச்சியின் வேன் எங்கள் லாட்ஜ் வாசலில்தான் நிற்கும். தங்க வருகிறவர்களை அருவிக்கு ஏற்றிப் போய்த் திருப்பிக் கூட்டி வருவது அவர் வேலை. அதன் பிறகு வருகிற வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வது என் வேலை. சம்பளம் எனக்கு அதற்குத்தான் தருகிறார்கள் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஒரு சீசனில் மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் மசாஜ்காரரிடம் உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு, பழைய குற்றாலத்துக்கு என்று வேன் ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் அதே எண்ணெய், அதே துண்டோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்கள். முகம் மட்டும் பேயறைந்த மாதிரி இருந்தது.

“சார், உங்க டிரைவர் எங்கள எங்க கூட்டிட்டுப் போனாரு தெரியுமா? சுடுகாட்டுக்கு!”

அண்ணாச்சி பின்னாலிருந்து திருத்தினார். “சுடுகாடு இல்ல. பட்டாளத்துக்காரனுவ கல்லறை. ரெண்டும் வேற வேற.”

“குளிக்கப் போறவங்கள அங்கன எதுக்கு அண்ணாச்சி கூட்டிட்டுப் போனிய?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. இவ்வளவு கூறு கெட்டவனை மேனேஜராக வைத்திருக்கிறார்களே என்ற பரிதாபம்.

“கல்லறைக்குப் போனா குளிக்கணுமா, வேண்டாமா?”

“குளிக்கணும்.”

“இவுக குளிக்கத்தான வந்திருக்காவ? வேற ஊர்ல கல்லறைக்குப் போனா தனியா ஒரு குளியல் போடணும். இங்கன ஒரே குளியல்ல ரெண்டும் முடிஞ்சிருதுல்லா? இந்த வசதி வேற எந்த ஊர்லவே இருக்கு?”

எண்ணெய்க்காரர்களில் ஒருவர் தலையை ஆட்டிவிட்டார். அப்புறம் தன் வீட்டாரைப் பார்த்து ஆட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

அண்ணாச்சிக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் அவர் வேனை வாடகைக்குப் பிடித்தார்கள். அருவிப் பக்கமே அவர்கள் திரும்பவில்லை. செங்கோட்டை சாலையில் முள்ளும் புதருமாகக் கிடந்த பழைய கல்லறைத் தோட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு கல்லுக்கு முன்னால் அந்த அம்மாள் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அண்ணாச்சிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கடல் தாண்டி வந்து ஒரு கல்லைப் பார்த்து அழுகிறார்களே, உள்ளே இருப்பது யார்? சைகையில் கேட்டார். அந்த அம்மாள் கல்லைக் காட்டினாள். கல்லின் தலையில் கொட்டை எழுத்தில் ஒரு வார்த்தை. அண்ணாச்சி எழுத்துக் கூட்டினார். எஸ், ஏ, சி, ஆர், இ, டி.

“சாக்ரெட்! அவன் பேரு சாக்ரெட்.”

பக்கத்துக் கல்லைப் பார்த்தார். அதிலும் அதே பேர். அதற்கடுத்த கல்லிலும் அதே பேர். அண்ணாச்சிக்குப் பகீர் என்றது. பிறகு பாளையங்கோட்டைக்கு ஒரு சவாரி போனபோது அங்கே ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் எட்டிப் பார்த்திருக்கிறார். அங்கேயும் சாக்ரெட்.

“மேனேஜரே, ஒரு குடும்பத்துல இத்தன உசுரா? அப்பன், மகன், சித்தப்பன், பெரியப்பன்னு மொத்தக் குடும்பத்தையும் பட்டாளத்துக்கு அனுப்பிட்டு அந்த வீட்டுப் பொம்பளையெல்லாம் என்ன பாடு பட்டிருப்பாளுவ?”

ஆங்கிலக் கல்லறைகளில் ‘இன்னாரின் புனித நினைவுக்கு’ என்று தொடங்குவது வழக்கம், அந்தப் ‘புனித’ தான் இவருடைய சாக்ரெட் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். லாட்ஜ் வாட்ச்மேனுக்குத் தெரியும். எதிரில் பழக்கடை வைத்திருந்தவருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை. முதலில் சிரிக்க வசதியாக இருந்ததால் சொல்லவில்லை. அப்புறம், சாக்ரெட் குடும்பத்துக்காக அவர் வருத்தப்படுவதைப் பார்த்துப் பார்த்து, சொல்ல மனசு வரவில்லை. அவருக்கே சாக்ரெட் என்று பேர் ஒட்டிக்கொண்டு, சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்து போயிற்று.

அதற்கப்புறம் அவர் கண்ணில் பட்ட பட்டாளத்துக் கல் எதுவும் தப்பவில்லை. சுரண்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், பெரிய யுத்தத்துக்குப் போனவர்களுக்காக வெள்ளைக்காரன் நட்டுவைத்த கல் ஒன்று இருக்கிறது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று மட்டும் இருக்கும். அந்தக் கல் மேல் டீக்கடைக்காரர் ஒருவர் பால் கேனைக் கவிழ்த்து வைத்திருந்தார். அண்ணாச்சி கேனை இறக்கி வைத்துவிட்டு அவரோடு ஒரு மல்லுக்கட்டு நடத்தினார். கேனுக்காகக்கூட அவ்வளவு கோபம் இல்லை.

“எண்ணிக்க மட்டும் போட்டிருக்கான் பாரும். பேரு போடல. ஆட்டு மந்தையாவே? எண்ணிட்டுப் போறதுக்கு?”

“நானா செதுக்கினேன்? எங்கிட்ட ஏன் அண்ணாச்சி பாயுதிய?” என்றார் டீக்கடைக்காரர்.

புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்றை வாசுதேவநல்லூருக்குக் கூட்டிப் போய், உச்சி வெயிலில் பழைய மண்கோட்டையைக் காட்டியதும் இவர்தான். “கோட்ட எங்க?” என்று அந்தப் பெண் கேட்டதற்கு, “நீங்க நிக்கியள்ளா, அதான்” என்றாராம். பிறகு வெள்ளைக்காரன் பீரங்கி எந்தப் பக்கம் இருந்து சுட்டது, குண்டு எங்கே விழுந்தது என்று அரை நாள் விளக்கம். அதில் பாதி அவரே கட்டிவிட்டது என்று நான் சத்தியம் செய்வேன். ஜோடியின் முதல் சண்டை அந்தக் கோட்டையில்தான் நடந்தது.

“அந்தச் சவத்த விடுங்க அண்ணாச்சி,” என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் தொட்டதற்கெல்லாம் சொல்லுகிற பேச்சுத்தான்.

“அந்தச் சவத்தத்தான் விட முடிய மாட்டேங்கு மேனேஜரே,” என்பார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

ஏன் என்று எத்தனையோ தடவை நோண்டிக் கேட்டிருக்கிறேன். அவர் வீட்டில் யாரும் பட்டாளத்தில் இருந்ததில்லை. அவருக்குத் துப்பாக்கி என்றால் தீபாவளித் துப்பாக்கிதான். “அவனுவளப் பாக்க யாரும் போவலேல்லா?” என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு பதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஊர் சும்மா இருக்குமா? அவர் மகள் உலகம்மாளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது இது வினையாக வந்து முடிந்தது. தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்த பெண். தங்கமான குணம். வந்த வரன்கள் விசாரித்துவிட்டு, “மயானமே கதின்னு கெடக்குத வீட்டுல எப்படிய்யா சம்பந்தம் பண்றது?” என்று நழுவிவிட்டார்கள்.

பார்க்கச் சகிக்காமல் நானே ஒரு இடம் கொண்டுவந்தேன். சுரண்டையில் காய்கறி மண்டி வைத்திருப்பவர், சீசன் தவறாமல் எங்கள் லாட்ஜில் தங்குகிறவர். மகன் செல்வம் கோயம்புத்தூரில் இன்ஜினியர். மண்டிக்காரர் நேரம், காலம், சகுனம், தீட்டு எல்லாவற்றையும் கொத்தமல்லிக் கட்டு மாதிரி தட்டிப் பார்த்து வாங்குகிற ஆள். போட்டோ பார்த்ததிலேயே உலகம்மாளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, போட்டோவைத் திருப்பித் தரவில்லை, அவ்வளவுதான்.

பெண் பார்க்கிற நாளைக்கு முதல் நாள் அவளே லாட்ஜுக்கு வந்தாள். “மாமா, அப்பா நாளைக்கு ஒரு நாள் மட்டும் கல்லு, கல்லறைன்னு வாயத் திறக்கக் கூடாது. எனக்கு இதுவும் போச்சுன்னா…” என்றவள் முடிக்காமல் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். மகள் அழுததைச் சொன்னேன். மனிதர் அப்படியே ஒடுங்கிப் போனார்.

“விட்டுட்டேன் மேனேஜரே. இனிமே அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன். எம் பிள்ளைய விட எனக்கு சாக்ரெட்டா பெருசு?” என்று என் மேஜையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

மறுநாள் காலை மண்டிக்காரர், அவர் மனைவி தங்கபுஷ்பம், மகன் மூன்று பேரும் லாட்ஜில் குளித்துவிட்டுக் கிளம்பினார்கள். பண்பொழி திருமலைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, நல்ல நேரத்துக்குள் நேராகத் தென்காசிக்குப் பெண் வீடு. சம்பந்தியாகப் போகிறவர்களை நான்தான் ஓட்டிப் போவேன் என்று அண்ணாச்சி அடம் பிடித்தார். நான் அவர் பக்கத்து சீட்டில், காவலுக்கு.

பண்பொழி போனோம், கும்பிட்டோம். திரும்பி வரும்போது மேகம் மலை மேல் கறுத்துக் கிடந்தது. அந்தக் கல்லறைத் தோட்டம் நெருங்க நெருங்க அண்ணாச்சி பார்வையை ரோட்டை விட்டு எடுக்கவே இல்லை. கழுத்து நரம்பு புடைத்தது. வேர்த்துக் கொட்டியது. மனிதர் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று நான் மூச்சுவிட்டேன்.

பின் சீட்டிலிருந்து தங்கபுஷ்பத்தம்மா குரல்.

“அங்கன சிலுவையா தெரியுதே, அது என்ன எடம்?”

“தோட்டம்மா,” என்றார் அண்ணாச்சி.

“என்ன தோட்டம்?”

“சும்மா… தோட்டம்.”

“சிலுவை போட்டிருக்கே?”

அண்ணாச்சிக்குப் பொய் வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். “பட்டாளத்துக்காரங்கள அடக்கம் பண்ணுன எடம்மா,” என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டு, பாவம், ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

“நிறுத்துங்க.”

“ஏளா, ஒனக்கென்ன கிறுக்கு பிடிச்சிட்டா? நல்ல நேரம் போயிட்டு இருக்கு!” என்று மண்டிக்காரர் கத்தினார்.

“நிறுத்துங்கன்னு சொல்லுதேன்ல?”

வேன் நின்றது. அந்த அம்மாள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி உள்ளே நடந்தாள். பின்னாலேயே மகன், அவன் பின்னால் அண்ணாச்சி. மண்டிக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று என்னைத் திட்ட ஆரம்பித்தார்; நான் தப்பித்து உள்ளே ஓடினேன். சம்பந்தம் செத்தது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

உள்ளே அந்த அம்மாள் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போனாள். யாரு, எந்த ஊரு, என்ன வயசு என்று கேட்டாள். கேட்ட பிறகு எங்கள் ஆள் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பார்? காய்ந்த இலையைத் தள்ளிவிட்டு, குனிந்து, “இவுக எல்லாம் சாக்ரெட் துரை குடும்பம்மா. இந்தா, இவன் சாக்ரெட். அந்த மூலையில இருக்கது சின்னப் பையன், அவனும் சாக்ரெட்…” என்று ஆரம்பித்தார்.

செல்வம் கல்லைக் குனிந்து பார்த்தான். படித்த பையன், நல்ல மனசு, இடம் பொருள் தெரியாது. “மாமா, அது பேர் இல்ல. ‘புனித நினைவுக்கு’ன்னு எழுதியிருக்கு. எல்லாக் கல்லுலயும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. பேர் கீழ இருக்கு.”

அண்ணாச்சி சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்போ இவன்?”

“இவர் வேற ஆளு மாமா.”

“அந்தப் பையன்?”

“அவரும் வேற.”

“ஒருத்தனுக்கொருத்தன் சொந்தம் இல்லையா?”

“இல்ல மாமா.”

அண்ணாச்சி ஒரு கல்லின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கல்லின் தலையிலிருந்த கொட்டை எழுத்தை விரலால் தடவினார். பிறகு பேசியபோது குரல் அவருடையதாகவே இல்லை.

“நான் எல்லாம் ஒரே குடும்பம்னுல்லா நெனச்சிட்டிருந்தேன். அண்ணன் தம்பியா ஒண்ணாக் கெடக்கானுவ, ஒருத்தனுக்கொருத்தன் தொணையா இருக்கும்னுல்லா நெனச்சேன். இவனுவ ஒவ்வொருத்தனும் தனித்தனியாவா வந்து செத்தான்? ஆளில்லாமலா கெடக்கான்?”

கண்ணீர் வழிந்தது. எந்தக் காலத்திலோ செத்த, பேர் தெரியாத வெள்ளைக்காரர்களுக்காகத் தென்காசிக்காரர் ஒருவர் அழுததை என் கண்ணால் பார்த்தேன்.

தங்கபுஷ்பத்தம்மா தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றினாள். மூலையில் இருந்த அந்தச் சின்னப் பையன் கல்லில் அதை வைத்தாள். “எங்க பெரியண்ணன் பட்டாளத்துல இருந்தாவ,” என்றாள், யாரையும் பார்க்காமல். “நான் பாவாட கட்டுத வயசு. எல்லையில செத்துப் போனாவ. அங்கனயே எரிச்சிட்டாவளாம். இங்கன பெட்டி மட்டும்தான் வந்துச்சு.”

செல்வம் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கே அன்றைக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

வெளியே வந்தோம். மண்டிக்காரர் ஒரே பிடியாக நின்றார். வீட்டார் மயானத்தை மிதித்தாயிற்று, தீட்டு தனக்கும்தான், குளிக்காமல் பெண் வீட்டுப் படி ஏற முடியாது. குளிக்க என்ன பஞ்சம், குற்றாலம்தானே என்று பேரருவிக்கு விட்டோம். மலையில் பெய்த மழையில் வெள்ளம் கொட்டுகிறது, குளிக்கத் தடை என்று போலீஸ்காரர் விசிலடித்துத் துரத்தினார். ஐந்தருவியில் கயிறு கட்டியிருந்தது. பழைய குற்றாலத்தில் கேட்டே பூட்டியிருந்தது. சரி என்று லாட்ஜுக்கு வந்தால், அருவியில் குளிக்க முடியாத கூட்டமெல்லாம் அறையில் குளித்துத் தொட்டியைக் காலி பண்ணியிருந்தது. மோட்டார் புகைந்து நின்றிருந்தது. கண் முன்னால் மலை முழுக்கத் தண்ணீர் இறங்குகிறது, ஒரு வாளித் தண்ணீருக்கு நான் ஆலாய்ப் பறக்கிறேன். போனில் உலகம்மாள், “எங்க மாமா வாரிய? நேரம் முடியப் போகுதாம்!” என்கிறாள்.

அப்போது மலை மேல் நின்ற மழை எங்கள் மேலும் இறங்கியது. லாட்ஜ் மொட்டை மாடித் தண்ணீரெல்லாம் சேர்ந்து ஒரே குழாய் வழியாக வாசலில் ‘தொம்’ என்று கொட்டியது.

“ஆறாவது அருவி!” என்று கத்தினார் அண்ணாச்சி.

மண்டிக்காரர் யோசிக்கவில்லை. சட்டையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, ஜரிகை வேட்டியோடு குழாய்க்குக் கீழே போய் நின்றார். இழுத்துக்கொண்டு போய் மகனையும் நிறுத்தினார். அண்ணாச்சியும் போய் நின்றார். மூன்று பேரும் இடித்துக்கொண்டு குளிக்க, மாடி அறைக்காரர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள்.

“ஏளா, வா, வந்து தலைய நனை!”

தங்கபுஷ்பத்தம்மா என் குடையின் கீழ் நின்றுகொண்டிருந்தாள். “நான் குளிக்கல.”

“என்னது?”

“எங்கண்ணனுக்கு நான் இது வரைக்கும் ஒரு பூ போட்டதில்ல. இன்னிக்குத்தான் யாரோ ஒரு பிள்ள கல்லுல போட்டேன். அதப் போயிக் கழுவச் சொல்லுதியளா?”

மண்டிக்காரர் வாயைத் திறந்தார். குழாய்த் தண்ணீர் உள்ளே போயிற்று. அதோடு மூடிக்கொண்டார்.

அந்த அம்மாள் அண்ணாச்சியைப் பார்த்து, “அண்ணாச்சி, உங்க மகள நான் இன்னும் பாக்கல. ஆனா பாக்க வேண்டியதுல பாதியப் பாத்துட்டேன். வண்டிய எடுங்க,” என்றாள்.

நல்ல நேரம் முடிந்து வெகு நேரம் கழித்துத்தான் பெண் வீட்டுப் படி ஏறினோம். மண்டிக்காரர் வேனில் கிடந்த அண்ணாச்சியின் பழைய வேட்டியில், மாப்பிள்ளை ஈரத் தலையோடு. உலகம்மாள் கேசரித் தட்டோடு வந்தவள், சொட்டச் சொட்ட நின்றவர்களைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். செல்வமும் சிரித்தான். தை மாதம் கல்யாணம் நடந்தது.

இப்போது உலகம்மாள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அண்ணாச்சி திருந்தினாரா என்று கேட்காதீர்கள். முன்னாலாவது தோட்டத்துக்குள் நுழைந்ததும் மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே சல்யூட்டோடு முடித்துக்கொண்டிருந்தார். இப்போது ஒவ்வொருத்தனும் தனி ஆள் என்று தெரிந்துபோயிற்றல்லவா? ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாக வேண்டுமாம். கீழே பொடி எழுத்தில் பாசி பிடித்துக் கிடக்கிற இங்கிலீஷ் பேர்கள். அதை வாசிக்க அவரால் ஆகாது.

“படம் எடுத்து அனுப்புங்க மாமா, படிச்சுச் சொல்லுதேன்” என்று மருமகன் சொல்லிப் பார்த்தான். “நேர்ல நின்னு கூப்பிடணும்லா?” என்று மறுத்துவிட்டார். கூட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்க் கேனும் விளக்குமாறுமாக லாட்ஜ் வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறார்.

“மேனேஜரே, கண்ணாடிய எடுத்துட்டு வாரும்!”

எனக்கு முழங்கால் வலி. பேர் வாசிக்கக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, போக வர அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் போகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஹாரன் சத்தம் கேட்காவிட்டால் எனக்கு மத்தியானச் சோறு இறங்குவதில்லை.